பழைய பிரைமர் எங்கே விழுகிறது? – ரீலோடிங் பிரஸ் வாங்கும் முன்

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் ஐந்து படங்கள் அனுப்பினான். ஐந்தும் ரீலோடிங் பிரஸ், அதாவது சுட்ட கூட்டை மறுபடி தோட்டாவாக்க உதவும் கைக்கருவி. கீழே ஒரே கேள்வி: "அண்ணே, இதுல எது ஸ்ட்ராங்?" பென்சில்வேனியாவில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறான். மான் வேட்டைக்கென்று .308 அளவுத் தோட்டா சுடும் ரைஃபிள் ஒன்று வாங்கி, ஒரு வருடமாகக் கடைத் தோட்டா சுட்டுச் சுட்டுக் கை இளைத்துப்போய், இப்போது தானே தோட்டா நிரப்பலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறான். நான் திருப்பிக் கேட்டேன்: "ஸ்ட்ராங் இருக்கட்டும்டா. பழைய பிரைமர் எங்க போய் விழுதுன்னு பாத்தியா?"

இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் "அது அவ்வளவு முக்கியமா அண்ணே?" என்று வந்தது. அவனுக்கு எழுத ஆரம்பித்ததுதான் இப்படி நீண்டுவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சுட்டு முடித்த தோட்டாவில் குண்டும் வெடிமருந்தும் பிரைமரும்தான் செலவாகின்றன. பிரைமர் என்பது கூட்டின் அடியில் இருக்கும் குட்டிக் கிண்ணம்; துப்பாக்கியின் ஊசி தட்டியதும் வெடித்து மருந்தைப் பற்றவைப்பது அதுதான். விலை கூடிய பித்தளைக் கூடு முழுசாக மிஞ்சும். வெடித்த வேகத்தில் அது கொஞ்சம் உப்பியிருக்கும், அவ்வளவுதான். அதைப் பழைய அளவுக்கு இறுக்கி, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்து அளந்து போட்டு, குண்டை வைத்து அழுத்தினால் மறுபடியும் தோட்டா. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்கென்றால் தேவை. மாநில, நகர விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் இருந்து படிக்கிறவர்கள் ஆசைப்பட வேண்டாம். அங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

பிரஸ் என்றால் என்ன? நம் வீட்டு முறுக்குப் பிடியை நினைத்துக்கொள்ளுங்கள். குழல் ஒன்றுதான், முறுக்கா, ஓமப்பொடியா, ரிப்பன் பக்கோடாவா என்பதைத் தீர்மானிப்பது உள்ளே போடும் வில்லை. பிரஸ்ஸும் அதே கதைதான். மேலே ஒரு துளை, அதில் திருகிப் பொருத்தும் டை என்ற அச்சு; வில்லை மாதிரி வேலையைத் தீர்மானிப்பது இதுதான். கீழே ஒரு தண்டு, அதன் தலையில் கூட்டின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் ஷெல் ஹோல்டர். கைப்பிடியைக் கீழே இழுத்தால் தண்டு மேலே ஏறிக் கூட்டை டைக்குள் நுழைக்கும். சிங்கிள் ஸ்டேஜ் என்றால் ஒரு நேரத்தில் ஒரு டை மட்டும். ஐம்பது கூட்டையும் முதல் டையில் முடித்துவிட்டு, டையை மாற்றி, ஐம்பதையும் மறுபடி முதலிலிருந்து. மணிக்கு ஐம்பது, அறுபது தோட்டா வந்தால் நல்ல வேகம். பொறுமை இல்லாதவர்களுக்கு இது தண்டனை.

இப்போது அந்த 'ஸ்ட்ராங்' விஷயம். விளம்பரம் எல்லாம் இதைத்தான் பேசும். ஆனால் ரைஃபிள் தோட்டா செய்யும்போது பிரஸ்ஸுக்கு உண்மையில் எவ்வளவு வேலை என்று எண்ணிப் பாருங்கள். கூட்டை இறுக்குவது ஒன்று, குண்டை அமர்த்துவது ஒன்று. நீளம் வெட்டுவது, பிரைமர் பொருத்துவது, மருந்து அளப்பது எல்லாம் பெரும்பாலானவர்கள் வேறு கருவிகளில் செய்கிற வேலை. இந்த இரண்டில் பலம் கேட்பது முதலாவது மட்டும். .308 கூட்டை இறுக்க, சட்டம் (ஃப்ரேம்) வார்ப்பிரும்பில் முழு வட்டமாக மூடியிருக்கும் எந்தப் பிரஸ்ஸும் தாராளமாகப் போதும். இரண்டாவதற்கு வேண்டியது பலம் இல்லை, கைக்குத் தெரியும் உணர்வு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் ஒரு நாள், பத்துப் பன்னிரண்டு கூடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இறுக்குவதற்கு முன் கூட்டின் மேல் விரலால் மெழுகு தடவ வேண்டும். சப்பாத்திக்கு நெய் தடவுவதை விடக் குறைவாக, ஆனால் விட்டுவிடாமல். ஒன்றுக்குத் தடவினேனா இல்லையா என்று சந்தேகம். "போனால் போகட்டும்" என்று கைப்பிடியை இழுத்தேன். பாதி வழியில் இறுகியது. புத்திசாலி என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் இன்னும் கொஞ்சம் எடை போட்டேன். உள்ளே முழுசாகப் போய்விட்டது. திரும்ப இழுத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். தண்டு இறங்கிவிட்டது, ஷெல் ஹோல்டரில் கூட்டின் விளிம்பில் பாதி மட்டும் கிழிந்து வந்திருந்தது. கூடு டைக்குள்ளேயே. அன்றைய மாலை துரப்பணத்தால் கூட்டின் அடியைத் துளைத்து, மரை போட்டு, போல்ட் செலுத்தி இழுப்பதில் கழிந்தது. பிரஸ் பலமானதுதான். அந்தப் பலம்தான் விளிம்பைக் கிழித்தது. என் பிரஸ் கொஞ்சம் சோப்ளாங்கியாக இருந்திருந்தால் பாதியிலேயே நின்றிருப்பேன்!

ஆகவே பலத்தை ஓரம் வையுங்கள். ஒரே ஒரு இடத்தில் அது எட்டிப் பார்க்கும். அலுமினியச் சட்டப் பிரஸ்கள், லீ என்ற கம்பெனியின் சேலஞ்சர் மாதிரி, கடினமான கூட்டை இறுக்கும்போது மயிரிழை வளையும். கூட்டின் தோளை, அதாவது உடல் குறுகிக் கழுத்தாகும் இடத்தை, ஆயிரத்தில் இரண்டு அங்குலம் மட்டும் பின்னே தள்ள வேண்டும் என்று அளந்து செய்கிறவர்களுக்கு, ஒரு கூடு அப்படியும் இன்னொன்று இப்படியுமாக வந்தால் எரிச்சல்தான். .223 என்ற சின்ன ரைஃபிள் தோட்டாவோ சின்னக் கைத்துப்பாக்கித் தோட்டாவோ என்றால் அலுமினியமே போதும். விலையும் பாதிதான். .308ஓ அதற்கு மேலோ என்றால் வார்ப்பிரும்பு வாங்கிவிடுங்கள்.

சரி, பிரைமர். கூட்டை இறுக்கும் அதே இழுப்பில், டையின் நடுவிலிருக்கும் ஊசி செத்த பிரைமரைக் கீழே தள்ளும். ஐம்பது கூடு என்றால் ஐம்பது குட்டிக் கிண்ணம், கூடவே கறுப்புத் தூசி. அந்தத் தூசி சும்மா கரி இல்லை. சாதாரணப் பிரைமரில் இருப்பது ஈயக் கலவை. வெடித்த பிறகும் ஈயம் ஈயம்தான். கராஜ் தரையில் சிந்தினால் செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிரஸ் வாங்குகிறவர்கள் இதைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் படங்களின் வரிசையே மாறிவிடும்.

பச்சை நிறத்தில் கம்பீரமாக நிற்கிறதே, ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் சுப்ரீம், அதில் பிரைமர் தண்டின் பக்கவாட்டு வழியாக விழுந்து முன்னால் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் தட்டில் சேர வேண்டும். வேண்டும், அவ்வளவுதான். பத்தில் ஒன்றிரண்டு துள்ளிக் குதித்து மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். வாரம் ஒருமுறை விளக்குமாறு தேடுகிற வேலை நிச்சயம்.

ஆனாலும் இந்தப் பிரஸ் மேல் அமெரிக்கர்களுக்கு ஒரு பாசம் உண்டு, காரணம் இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவின் ஓரோவில்லில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943இல் தொடங்கிய கம்பெனி. பாறை இடுக்குகளில் வாழும் ராக் சக் என்ற பெரிய அணில் ஜாதிப் பிராணியைச் சுடுவதற்கு நல்ல குண்டு கிடைக்காமல், தானே குண்டு அழுத்தும் அச்சு செய்தார். 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்' என்ற அந்த அச்சின் பெயரைத்தான் நான்கு எழுத்தாகச் சுருக்கினார்கள். தாத்தா வாங்கியதைப் பேரன் வைத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. பழைய சாமான் விற்பனைகளில் தூசி படிந்த ராக் சக்கர் கண்ணில் பட்டால் தாண்டிப் போகாதீர்கள். தண்டை முழுக்க மேலே ஏற்றி விரலால் ஆட்டிப் பாருங்கள். லேசாக அசைந்தால் பரவாயில்லை, கடகடவென்றால் வேண்டாம். மூட்டு ஊசிகள் தேய்ந்திருக்கின்றனவா, சட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் துரு ஒன்றும் செய்யாது. தண்டின் மேல் துரு என்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

விஸ்கான்சினின் ஹார்ட்ஃபோர்டில் இருக்கும் லீ பிரிசிஷன் செய்கிற கிளாசிக் காஸ்ட் எதிர்த் துருவம். பார்க்க ராக் சக்கர் மாதிரிக் கம்பீரம் கிடையாது, மரக் குமிழ் வைத்த உருளைக் கைப்பிடி, சிவப்புப் பெயின்ட். இந்த ஊரில் 'லீ' என்றால் மலிவு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நம்மூரில் சில பாத்திரக் கம்பெனிகளைப் பற்றி மாமியார்கள் பேசும் தொனி. சேலஞ்சருக்கு அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும்; கிளாசிக் காஸ்ட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. சட்டம் வார்ப்பிரும்பு. தண்டின் தடிமன் ஒன்றும் அரைக்காலும், அதாவது 1.125 அங்குலம்; ராக் சக்கரின் தண்டு ஒரு அங்குலம். முக்கியமாக, அந்தத் தண்டு நடுவில் பொள்ளல். செத்த பிரைமர் தண்டுக்குள்ளேயே நேராக இறங்கி, அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் குழாய்க்குள் போய்விடும். தூசியும் அதோடு. குழாயின் மூடியைத் திறந்து குப்பையில் கொட்டினால் வேலை முடிந்தது. கைப்பிடியை இடப்பக்கமோ வலப்பக்கமோ மாட்டிக்கொள்ளலாம். எனக்கு இடக்கைப் பழக்கம், ஆகவே இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. விலையும் ராக் சக்கரை விடக் குறைவு. குறை சொல்ல வேண்டுமென்றால், மெருகு கிடையாது. ஓரங்களில் கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். அரம் எடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் தீரும்.

நியூயார்க்கின் கோர்ட்லாண்டிலிருந்து வரும் ரெட்டிங் பிக் பாஸ் II மூன்றாவது படம். இதிலும் பிரைமர் பொள்ளல் தண்டு வழியாகக் குழாய்க்குப் போகிறது. வார்ப்பு அழகு, தண்டு ஓட்டம் வெண்ணெய். சட்டத்தை 36 டிகிரி ஒருபக்கமாகத் திருப்பி வைத்திருப்பதால் கை நுழைக்க இடம் தாராளம். பணம் இடிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். லீயை விட அது அதிகமாகத் தருவது மெருகும் மனநிறைவும்தான், தோட்டாவில் வித்தியாசம் தெரியாது என்பது என் கட்சி.

நெப்ராஸ்காக்காரர்களான ஹார்னடியின் லாக்-என்-லோட் கிளாசிக் வேறு ஒரு வலியைத் தீர்க்க வந்தது: டை மாற்றுவது. மற்ற பிரஸ்களில் டையைச் சுற்றிச் சுற்றிக் கழற்றி, அடுத்ததைச் சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும். இதில் ஒவ்வொரு டைக்கும் ஒரு புஷ் (டையைச் சுற்றி மாட்டும் வளையம்) போட்டு வைத்துவிட்டால், பல்பு மாட்டுவது போல லேசாகத் திருப்பினால் இறங்கும், திருப்பினால் ஏறும். செய்து வைத்த அளவும் மாறாது. நல்ல யோசனைதான். ஆனால் சட்டம் அலுமினியக் கலவை, புஷ் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. இன்னொரு கூத்து: ஹார்னடியே ராக் சக்கருக்குப் பொருந்துகிற மாற்றுப் புஷ் விற்கிறது. ராக் சக்கரின் தலையிலிருக்கும் 7/8 அங்குல உள்வளையத்தைக் கழற்றினால் அங்கே ஒன்றே கால் அங்குல மரை இருக்கும்; அதில் இதைத் திருகிவிட்டால் வார்ப்பிரும்பும் கிடைத்தது, பல்பு வித்தையும் கிடைத்தது. லீயிலும் பிரீச் லாக் என்று இதே வசதி வைத்த கிளாசிக் காஸ்ட் உண்டு. ஆக, இந்த ஒரு வசதிக்காக ஹார்னடி பிரஸ்ஸையே வாங்க வேண்டியதில்லை.

ஐந்தாவது படம் ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இல்லினாயின் லனார்க் என்ற ஊரில் செய்கிறார்கள். மற்ற நான்கும் ஒரே குடும்பம் என்றால் இது வேற்று ஜாதி. நடுத்தண்டு கிடையாது, இரண்டு பக்கமும் இரண்டு வழிகாட்டித் தண்டுகள். டையைத் திருகவே வேண்டாம். டையின் பூட்டு வளையத்தை முன்னாலிருக்கும் காடியில் வைத்துத் தள்ளினால் போய் உட்கார்ந்துகொள்ளும், இழுத்தால் வந்துவிடும். ஷெல் ஹோல்டர் கிடையாது. இரண்டு தாடைகள் தாமாக நகர்ந்து கூட்டின் விளிம்பைக் கவ்வும், அதே தாடை பல அளவுக் கூடுகளுக்குப் போதும். செத்த பிரைமர் குழாய் வழியாக அடியிலிருக்கும் குடுவைக்குள், ஒன்று தவறாமல்.

இதன் சூட்சுமம் அந்தத் தளர்ச்சி. டையும் கொஞ்சம் மிதக்கும், கூடும் கொஞ்சம் மிதக்கும். நண்பர் ஒருவர் வீட்டில் முதல்முறை தொட்டபோது டையை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இது, லூஸாக இருக்கிறதே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கைப்பிடியை இழுக்கச் சொன்னார். கூடு டையின் வாயைத் தொட்டதும் இரண்டும் ஒன்றையொன்று தேடி நேராகிக்கொண்டதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. நூல் கோக்கும்போது ஊசியும் கையும் சேர்ந்து அசைவது போல. இறுகப் பூட்டிய பிரஸ்ஸில் சட்டத்தின் துளை கொஞ்சம் கோணலாக இருந்தால் அந்தக் கோணல் தோட்டாவுக்கும் வரும், இதில் வராது. எம்ஈசி மார்க்ஸ்மேன் என்ற விஸ்கான்சின் பிரஸ்ஸிலும் ஷெல் ஹோல்டரை மட்டும் மிதக்கவிட்டு இதே கொள்கையில் பாதியைச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் காசு! ஒரு கோ-ஆக்ஸ் விலைக்கு லீ கிளாசிக் காஸ்ட் இரண்டுக்கும் மேலே வாங்கலாம். கைப்பிடி நடுவில், தலைக்கு மேலாக வளைந்து போகும். மேசைக்கு மேல் அலமாரி வைத்திருந்தால் இடித்துக்கொள்ளும். லீ டையோடு வருகிற பூட்டு வளையம் இதன் காடிக்கு ஒத்துவராது, வேறு வளையம் வாங்கிப் போட வேண்டும். அந்த நேர்க்கோட்டுப் பயனும் எல்லோருக்கும் இல்லை. 600 கஜத்துக்கு அப்பால் தாள் இலக்கில் புள்ளி எண்ணுகிறவருக்கு உண்டு. நூறு கஜத்தில் மானின் தோள் பின்னே சுடுகிறவருக்கு இல்லை. அதோடு, தோட்டா கோணலாவதற்குப் பிரஸ்ஸை விடக் கூட்டின் கழுத்துச் சுவர் ஒருபக்கம் தடித்திருப்பதும், டைக்குள் இருக்கும் விரிப்பான் உருண்டை கழுத்தை இழுத்துக் கோணலாக்குவதும்தான் பெரும்பாலும் காரணம். டையின் பூட்டு வளையத்துக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் போட்டால், எந்தப் பிரஸ்ஸிலும் டைக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிடும். குழாய் ரிப்பேர்க் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான்.

மேசையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் முதலில் மெல்லிய பிளைவுட் மேசையில் போல்ட் போட்டேன். கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம் மேசையின் பின்பக்கம் பிள்ளையார் பெருச்சாளி போல எழும்பியது. ஒன்றரை அங்குலப் பலகை, சுவரோடு பிணைத்த கால், பிரஸ் அந்தக் காலுக்கு நேர் மேலே. இதைச் செய்த பிறகு அதே பிரஸ் புதுசு போலானது. ஐந்தில் எதை வாங்கினாலும் இதற்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கிவிடுங்கள்.

ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக்கு வாரம் முந்நூறு தோட்டா வேண்டும் என்றால் இந்த ஐந்துமே வேண்டாம். லீ கிளாசிக் டரட்டோ ரெட்டிங் டி-7னோ பாருங்கள். தலையில் பல டைகள் மாட்டிச் சுழற்றலாம். அதற்கும் மேலே டில்லன் மாதிரி, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா தள்ளுகிற பிரஸ்கள் உண்டு. ஆனால் முதல் பிரஸ்ஸாக அதை வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே நேரத்தில் நான்கு வேலை நடக்கும்போது, ஒரு கூட்டில் இருமுறை மருந்து விழுந்ததைப் புதுக் கண் பார்க்காது. சிங்கிள் ஸ்டேஜில் ஐம்பது கூட்டையும் வரிசையாகத் தட்டில் நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கலாம். மேசையில் ஒரு மருந்து டப்பா மட்டும், அளவு அச்சான கையேட்டிலிருந்து மட்டும், கண்ணுக்குக் கண்ணாடி. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

தராசு, மருந்து அளப்பான், கையேடு எல்லாம் சேர்ந்த தொகுப்பாக வாங்கலாமா என்றும் தம்பி கேட்டிருந்தான். கையில் ஒன்றுமே இல்லை என்றால் ஆர்சிபிஎஸ் தொகுப்பு நியாயமானது. பிரஸ் மட்டும் லீ, மற்றதெல்லாம் தனித்தனியாகப் பார்த்துப் பொறுக்குவது என்றால் மிச்சமாகும் காசை நல்ல தராசில் போடு என்றேன். கோணலான பிரஸ்ஸால் குறி தவறும்; தவறான தராசால் துப்பாக்கியே வெடிக்கும்.

கடைசியில் தம்பி லீ கிளாசிக் காஸ்ட்தான் வாங்கினான். வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. நேற்று படம் அனுப்பியிருந்தான்: கராஜ் மூலையில் சிவப்புப் பிரஸ், அடியில் தொங்கும் குழாய், குழாயின் நுனி ஒரு காலி மாவடு பாட்டிலுக்குள். "எப்படி அண்ணே ஐடியா?" பாட்டில் பிரமாதம், ஆனால் அதை மறுபடி அடுப்படிக்குக் கொண்டுபோய்விடாதே, அதன் மேல் மார்க்கரால் பெரிதாக எழுதி வை என்று பதில் போட்டேன்.